பப்படம் பொடிக்கும் மணிக்கட்டு

என் வலது மணிக்கட்டுக்குள், உள்ளங்கைப் பக்கமாக, ஒரு தகடு இருந்தது. ஆங்கில 'T' எழுத்தைப் போல வடிவம். நீளம் ஆள்காட்டி விரலைவிடக் குறைவு, ஏழு ஸ்க்ரூ. அது எப்படி உள்ளே போனது, எப்படி வெளியே வந்தது என்று நான் சொல்லிக் கேட்காத ஆள் இந்தத் திருவனந்தபுரத்தில் ரொம்பக் குறைவு. மீதி இருப்பது நீங்கள்தான். கொஞ்சம் உட்காருங்கள்.

நான் எலக்ட்ரீஷியன். எனக்கு யாரும் வேலை சொல்லித் தரவில்லை. பாறசாலைப் பக்கமிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே வந்து, ஓடாத விசிறிகளைப் பிரித்துப் பிரித்துத் தானாகக் கற்றது. இரண்டு மூன்று தடவை ஷாக் அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது, அதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வேலையைவிட எனக்குப் பிடித்தது வேலைக்குப் போகிற வீட்டில் நடக்கிற பேச்சு. சாமான் பட்டியல் எழுதுகிற நோட்டின் பின்பக்கங்களில், ஜனங்கள் சொல்கிற நல்ல வார்த்தைகளை எழுதி வைப்பது என் பழக்கம். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் சீக்கிரம் தீரும்.

கை உடைந்தது இங்கே கழக்கூட்டம் பக்கத்தில். ஐடி கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் ஃபிளாட், ஒன்பதாவது மாடி. டியூப் லைட் மாற்ற முக்காலியில் ஏறினேன். தரையில் யாரோ துடைத்த ஈரம் காயவில்லை. முப்பது வருடம் கம்பத்திலும் ஓட்டின் மேலும் ஏறி இறங்கிய நான், ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழுந்தேன். கையை ஊன்றியதும் 'டக்'கென்று கேட்டது. மணிக்கட்டைப் பார்த்தால் சாப்பாட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த வளைவு. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன ஆட்டோக்காரர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "சேட்டா, முக்காலியிலிருந்து விழுந்தேன்னு ஆர்கிட்டயும் பறையாதே. ஒன்பதாம் நிலையிலிருந்து விழுந்தேன்னு சொல்லு. அதுக்கொரு கெத்து உண்டு" என்றார். வலியோடு வலியாக அதை மனதில் எழுதிக்கொண்டேன். நோட்டில் எழுதத்தான் கை இல்லை.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா தமிழ்நாட்டில் படித்த மலையாளி. தமிழ் சரளமாக வரும், அங்கங்கே மட்டும் மலையாளம் எட்டிப் பார்க்கும். கட்டுப் பிரிக்கிற அன்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். நான் பார்த்த முதல் விஷயம் ஸ்க்ரூ. எங்கள் தொழிலில் பலகையில் பெட்டி அறைகிறவன் முதலில் யோசிப்பது அதைத்தான். பலகையின் கனத்தைவிட ஸ்க்ரூ நீளமாகிவிட்டால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். துணியைக் கிழிக்கும், கையைக் கீறும்.

"மேடம், இது பின்பக்கம் துளைச்சு வெளிய வந்திராதா?"

அந்த அம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதை இதுவரைக்கும் ஒரு பேஷண்டும் கேட்டதில்லை கேட்டோ! சேட்டன் எந்தா ஜோலி?"

சொன்னேன். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் கொண்டாட்டமாகிவிட்டது. மணிக்கட்டின் பின்பக்கம் விரல்களை நிமிர்த்துகிற தசைநார்கள் எலும்பை ஒட்டியே ஓடுகின்றனவாம். தசைநார் என்றால் சதையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டு போகிற கயிறு. ஸ்க்ரூ முனை ஒரு இம்மி நீட்டினாலும் அந்தக் கயிறு அதில் உரசி உரசி ஒருநாள் அறுந்துவிடும். "அதனால அரை நூல் அளவு குறைச்சே போட்டிருக்கு. முழு நீளம் வேண்டா. போதாததுக்குக் கையை மடக்கி வச்சு, மேலேருந்து சரிவா ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தோம். ஒரு முனைகூட வெளியில இல்லை" என்றார். எனக்கு எழுந்து கைகுலுக்கவேண்டும்போல இருந்தது. வலது கைதான் அவர் மேஜைமேல் கிடந்ததே.

பிறகு இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

"பின்பக்கம் பயம் வேண்டா. முன்பக்கம் ஒரு விஷயம் உண்டு. உடைஞ்ச துண்டு மூட்டோட விளிம்புல இருந்தது. அதைப் பிடிச்சு நிறுத்த தகட்டையும் விளிம்பு வரைக்கும் ஏத்தி வைக்க வேண்டி வந்தது. கட்டைவிரல் நுனியை மடக்குற தசைநார் அதுக்கு மேலேதான் போகும். எலும்பு சேர்ந்தாச்சுன்னா தகட்டுக்கு அங்கே ஜோலி இல்லை. ஆறாம் மாசம் வரணும், எடுத்துடலாம். அதுக்கு முன்னாடி கட்டைவிரலை மடக்கும்போது நறநறன்னோ, வலியோ, ஒரு கிளிக்கோ வந்தா, அன்னிக்கே வரணும். பிற்றேன்னாகூட ஆகாது."

பிற்றேன்னு என்றால் மறுநாள். நான் தலையாட்டினேன். வெளியே வந்து எல்லாரிடமும் ஸ்க்ரூ கதையைச் சொன்னேன். பேசுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. திருப்பிச் சொல்ல ருசியாக இருக்கிற பாதிதான் மண்டையில் நிற்கும். மற்ற பாதி காற்றோடு போய்விடும்.

ஆறாம் மாதம் வந்தது, போனது. எலும்பு சேர்ந்துவிட்டது, வலி இல்லை, வேலை நிறைய. ஓடுகிற மோட்டாரை யார் பிரிப்பார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "மோட்டாருக்குப் பொண்டாட்டி இல்ல. எனக்குல்ல இருக்கு பாடு" என்றாள். அதையும் நோட்டில் எழுதினேனே தவிர, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பத்து மாதம் ஆனபோது அந்தச் சத்தம் தொடங்கியது. சத்தம் என்றுகூடச் சொல்லக்கூடாது. காதில் விழுவதைவிட விரலில்தான் தெரியும். கட்டைவிரல் நுனியை மடக்கி நிமிர்த்தினால் மணிக்கட்டின் உள்ளே ஈர மணலில் செருப்பு உரசுவதைப் போல ஒரு நறநறப்பு. இன்னொருவர் விரலை எடுத்து அங்கே வைத்தால் அவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் பஸ் ஏறியிருப்பான். நான் டீக்கடைக்குப் போனேன்.

பேசுகிறவன் கையில் இப்படி ஒரு சாமான் கிடைத்தால் சும்மா இருப்பானா? "இஞ்ச விரல வையுங்க" என்று சொல்லி, வைத்தவர் முகம் மாறுவதைப் பார்ப்பதற்கே ஒரு தனி சுகம். டீக்கடைக்காரர் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அண்ணாச்சியோட கைக்குள்ள ஆரோ பப்படம் பொடிக்கிறான்!" கடையே சிரித்தது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வைத்துப் பார்த்து, "கிளட்ச் போயாச்சு அண்ணாச்சி, இனி செகண்ட் கியர்லயே ஓட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை உபதேசியாரும் விடவில்லை. கண்ணை மூடி விரல் வைத்து, ஏதோ ஜெபம் செய்வதுபோல நின்றவர், "பிரசங்கத்துக்கு நடுவுல இந்தக் கைய மடக்கிராதீரும் ஓய், முன் வரிசைக்காரன் முழிச்சிருவான்" என்றார். நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பக்கம் முழுவதும் என் மணிக்கட்டைப் பற்றியே நிரம்பிவிட்டது.

ஆளைக் கண்டால் மடக்கு, நிமிர்த்து. ஒருவருக்கு ஐந்து தடவை. சாயங்காலம் கட்டைவிரலுக்குக் கீழே மெல்ல வலிக்கும். டெஸ்டரின் தலையை அழுத்துகிற விரல் சில நேரம் வழுக்கியது. வறட்சி என்று நினைத்து முறிவெண்ணெய் வாங்கி இரவு சாப்பாட்டுக்கு முன்னால் தேய்த்தேன். தேய்த்துவிட்டு, எண்ணெய் உள்ளே இறங்கட்டும் என்று இன்னும் ஐம்பது தடவை மடக்கினேன். கிறீச்சிடுகிற கதவுக்கு எண்ணெய் விட்டு ஆட்டிப் பார்ப்போமே, அந்தக் கணக்கு.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஊரெல்லாம் கையக் காட்டிட்டு நடக்கியளே, அந்த டாக்டரம்மாட்ட மட்டும் காட்ட மாட்டியளோ?"

"வர்ற வாரம் போறேன்."

"இத ஒங்க நோட்டுல எழுதுங்க. மொத்தம் எத்தன தடவ சொன்னியன்னு பொறவு எண்ணிப் பாக்கலாம்."

அப்புறம்தான் கரமனை. ஆற்றங்கரைப் பக்கத்து அக்கிரகாரத் தெருவில் ஒரு வீடு, எனக்குப் பழைய வாடிக்கை. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமி ஒருவர் இருக்கிறார். போனில் அழைத்து, "அண்ணாச்சி, கிரைண்டர் போட்டா சமையலறை லைட் கண் சிமிட்டறது. போர்டு ஸ்க்ரூல கை பட்டா சுருக்குங்கறது. கொஞ்சம் வந்து பாருங்கோ" என்றார்.

மெயினை அணைத்துவிட்டுப் போர்டைக் கழற்றினேன். உள்ளே இரும்புப் பெட்டி. பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக வயர் உள்ளே வருகிறது. அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் போடவேண்டும், புஷ் என்போம். கைவிரல் மோதிரத்தைவிடச் சின்னது. அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு வயரில் பதிந்துகொண்டே இருக்கும். இங்கே வளையம் இல்லை. அடுத்த மேடையில் கிரைண்டர். தினமும் அது அதிர, வயரும் விளிம்பில் அதிர்ந்து அதிர்ந்து மேல் உறை தேய்ந்துபோய், உள்ளே செம்பு தெரிந்தது. ஏழு இழையில் நான்கு அறுந்துவிட்டது. மூன்று நிற்கிறது.

போர்டைத் திறந்ததும் எலக்ட்ரீஷியன் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? நாக்கைத் தட்டி, முந்தி வேலை செய்தவனைத் திட்டுவது. எங்கள் ஆட்களில் இதைச் செய்யாதவன் கிடையாது. நானும் செய்தேன்.

"எந்த மடையன் மாமி இந்த வயரிங்க செஞ்சது? ஒரு புஷ் போடக்கூடத் தெரியாதவன்லாம் வேலைக்கு வந்துட்டான்!"

மாமி கிரைண்டர் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தவே இல்லை. "நீங்கதான் பண்ணினேள்."

"நானா?"

"என் பொண்ணுக்குப் பேர் வச்ச வருஷம். அப்போ ஒல்லியா இருந்தேள். புஷ்ஷெல்லாம் எதுக்கு மாமி, வயர் என்ன ஓடியாடவா போறதுன்னு சொன்னேள். ஞாபகம் இருக்கு."

வெட்கத்தில் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த வயரை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் இழைகளைத் தள்ளிப் பார்த்தேன். கட்டைவிரல் மடங்கியது. மணிக்கட்டுக்குள் நறநற. கண்ணுக்கு முன்னால் தகட்டின் விளிம்பு, விளிம்பில் தேய்ந்த வயர். இன்னொரு தடவை மடக்கினேன். நறநற.

அப்போதுதான் டாக்டரம்மா சொன்ன மற்ற பாதி, பத்துப் பன்னிரண்டு மாதம் எங்கேயோ கிடந்தது, வரி மாறாமல் காதில் கேட்டது. தகடு விளிம்பு வரைக்கும் இருக்கிறது. தசைநார் அதுக்கு மேலே போகும்.

எனக்குள்ளே நறநறவென்றது எண்ணெய் இல்லாத வறட்சியல்ல. புஷ் போடாத ஓட்டையில் வயர் தேய்கிற சத்தம். அதை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை, ஊரைக் கூட்டி, சிரிக்கச் சிரிக்கத் தேய்த்திருக்கிறேன்.

"என்ன அண்ணாச்சி, மொகமே மாறிப்போச்சு? ஷாக் அடிச்சுதா?"

"அடிச்சுது மாமி. ஆனா மெயின் ஆஃபாத்தான் இருக்கு."

கட்டைவிரலை விறைப்பாக நீட்டி வைத்துக்கொண்டேன். எத்தனை இழை போயிருக்கிறது, எத்தனை நிற்கிறது? அது அறுந்தால் கட்டைவிரல் நுனி மடங்காது. மடங்காத கட்டைவிரலோடு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கமுடியாது, வயர் உரிக்கமுடியாது, ஒரு பல்பைக்கூட நம்பிப் பிடிக்கமுடியாது. என் கையில் இருக்கிற ஒரே வித்தை அந்த நுனியில்தான் இருக்கிறது. சமையலறைச் சர்க்யூட்டை மட்டும் தனியாகப் பிரித்து அணைத்துவிட்டு, கிரைண்டரைத் தொடவேண்டாம் என்று சொல்லி, என் நண்பர் ஒருவரை அனுப்புவதாக வாக்குக் கொடுத்து, பையை மாமியின் வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடினேன். "நாளைக்கு அடைக்கு அரைக்கணுமே!" என்று மாமியின் குரல் தெருமுனை வரைக்கும் பின்னால் வந்தது.

பஸ்ஸில் இடது கையால் போனை எடுத்து மனைவியிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன்."

"யாரு பேசது?" என்றாள்.

டாக்டரம்மா ஒரு விரலை மணிக்கட்டில் வைத்து, கட்டைவிரலை மெதுவாக ஒரே ஒரு தடவை மடக்கச் சொன்னார். அவர் முகம் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். "இது எத்ர நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசம்! வேற ஆர்கிட்டயாவது காட்டினதா?"

பக்கத்தில் வந்து சேர்ந்திருந்த என் மனைவி பதில் சொன்னாள். "ஒங்களத் தவிர எல்லார்ட்டயும்."

ஸ்கேன் எடுத்தார்கள். ஜெல் தடவிக் கருவியை மணிக்கட்டில் வைத்ததும் திரையில் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஓடியது. "இது தகடு" என்று ஒரு பளீரென்ற கோட்டைக் காட்டினார். "இனி மெல்ல மடக்கு." கோட்டின் முனைக்கு மேலே ஒரு பட்டை, மெதுவாக, தகட்டின் உதட்டில் இடறி இடறி நகர்ந்தது. "மேடம், வயரு! புஷ் இல்லாத வயரு!" என்று கத்திவிட்டேன். கரமனை பெட்டியைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். மாமி சொன்ன பதிலைக் கேட்டதும்தான் அவர் சிரித்தார்.

"அறுந்துட்டுதா மேடம்?"

"முழுசா இல்லை. எத்ர பாக்கின்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். நாளை மறுநாள் தகட்டை எடுக்கறோம். அதுவரைக்கும் இந்த விரலால ஒண்ணும் செய்யக்கூடாது. ஒரு ஸ்க்ரூகூட முறுக்கக் கூடாது. ஆர்க்கும் காட்டவும் கூடாது." கட்டைவிரலுக்கு ஒரு அட்டைக் கட்டும் போட்டுவிட்டார்.

அந்த இரண்டு நாளும் மனைவி சோற்றைப் பிசைந்து ஊட்டாத குறைதான். டீக்கடைப் பக்கம் போகவில்லை. வாயை அடக்குவதுகூடப் பரவாயில்லை, விரலை அடக்குவது பெரும்பாடு.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து இல்லை. மணிக்கட்டைச் சுற்றி மரத்துப்போக ஊசி மட்டும். "சேட்டன் முழிச்சிருக்கணும். எனக்கு சேட்டனோட விரல் வேண்டும்" என்றார். பச்சைத் துணியால் மறைத்திருந்தார்கள். உள்ளே ஏதோ தள்ளுவதும் இழுப்பதும் தெரிந்தது, வலி தெரியவில்லை. ஸ்க்ரூ ஒன்றொன்றாகத் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. ஏழும் விழுகிற வரை எண்ணினேன். பிறகு எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு நீண்ட நேரம்.

"பார்க்கணுமா?"

"பார்க்கணும்!"

துணியைத் தாழ்த்தினார்கள். என் கைக்குள்ளே நானே பார்த்தேன். வெள்ளையாக, ஈரமாக, பளபளப்பாக ஒரு நாடா. அதன் அடிப்பக்கம் டாக்டரம்மா கருவியால் மெல்லத் திருப்பிக் காட்டிய இடத்தில், பழைய கயிற்று நுனிபோலப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. "மூணுல ஒரு பங்கு போயிருக்கு. மிச்சம் நல்லா உண்டு. தைக்க வேண்டாம், பிசிறை மட்டும் எடுத்துடலாம். இன்னும் கொஞ்ச நாள் இந்த ஷோ நடத்தியிருந்தா, வேற விரலோட கயிறை எடுத்து இங்க கட்டவேண்டி வந்திருக்கும்."

பிசிறைச் சுத்தம் செய்து முடித்தபின் சொன்னார்: "இனி மடக்கு."

எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கட்டிக் காத்த விரல். தியேட்டரில் எல்லாரும் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மடக்கினேன். அந்த வெள்ளை நாடா சத்தமில்லாமல், இடறாமல், எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. நுனி மடங்கியது. நிமிர்த்தினேன். மறுபடி மடக்கினேன். "மதி, மதி, காட்டினது போதும்" என்று டாக்டரம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

தகட்டைக் கழுவிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதன் விளிம்பில் இடது விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, மழுமழுவென்று தேய்த்துச் செய்த விளிம்பு. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அறுப்பதற்குக் கூர் தேவையில்லை, தினமும் அதே இடத்தில் உரசினால் போதும். எலும்பு சேர்ந்த பிறகும் எடுக்காமல் வைத்திருந்தது நான்தான்.

கரமனை வீட்டுக்குப் போய் புதிய வயரும் புஷ்ஷும் போட்டுக் கொடுத்த நண்பர் போனில் அழைத்தார். அவரும் போர்டைத் திறந்து நாக்கைத் தட்டி, எந்த மடையன் செய்த வயரிங் என்று கேட்டாராம். "மாமி உம்ம பேரும் போன் நம்பரும் தந்தாங்க ஓய்" என்றார்.

ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் எலும்பில் அடைகிறவரை பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொன்ன தேதிகளில் எல்லாம் போய்க் காட்டினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசித் தடவை டாக்டரம்மா வேலைக்குப் போகலாம் என்றதும், நேரே கடைக்குப் போய் ஒரு பை நிறைய ரப்பர் புஷ் வாங்கினேன். மாமி வீட்டு வயரிங் செய்த காலத்தில், இரண்டு வருடம் நான் புஷ் போடாமலே வேலை பார்த்த வீடுகளை உட்கார்ந்து யோசித்துப் பட்டியல் போட்டேன். பதினோரு வீடு.

இன்றைக்குப் போனது ஏழாவது வீடு, விழிஞ்ஞம் பக்கம். கதவைத் திறந்த பெரியவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"நான் ஒம்மள கூப்பிடல்லியே. லைட்டெல்லாம் நல்லா எரியுதே!"

"அதான் வந்தேன் அய்யா."

மெயினை அணைத்து, போர்டைக் கழற்றினேன். நாக்கைத் தட்டவில்லை. வளையமில்லாத ஓட்டை, விளிம்பில் பதிந்த வயர். உறையில் ஒரு பள்ளம் மட்டும், செம்பு தெரியவில்லை. வயரைக் கழற்றி, தேய்ந்த இடத்தை வெட்டிவிட்டு, ஓட்டையில் புஷ்ஷை வைத்து வலது கட்டைவிரல் நுனியால் அழுத்தினேன். ரப்பர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நன்றாக மடக்கி அழுத்தினேன். 'பொளக்' என்று உட்கார்ந்தது. மணிக்கட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

பெரியவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து தடவ கூப்பிட்டாலும் வராத எலக்ட்ரீசியன பாத்திருக்கேன். கூப்பிடாம வந்து நிக்கவன இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

வயரைத் திரும்பக் கோப்பதற்கு முன்னால், சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, பேனாவைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்து அதை எழுதினேன்.